சந்தா முடியும் நாள்

அன்று மாலை என் கணவர் மென்பொருள் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். வீட்டு வரைபடம் போடுவது அவர் தொழில். ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கியிருந்த பழைய மென்பொருளை நிறுத்திவிட்டு, எந்தக் கணினியிலும் ஓடும் புதியதை மாதச் சந்தாவுக்குக் கொடுத்திருந்தார்கள்.

“சொந்த வீட்டுக்கே வாடகை கேக்குறானுங்க,” என்றார். பிறகு சந்தாவைக் கட்டி, நாங்கள் வாங்கிப்போட்டிருந்த மனைக்கு வீடு வரைய உட்கார்ந்தார். நாலு சுவர் போட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின், அந்த வரைபடத்தை மகள் தன் மடிக்கணினியில் திறந்தாள். சுவர்களுக்குள் சமையலறை இருந்தது. மறுநாள் திறந்தபோது மாடிப்படி இருந்தது. அதற்கும் மறுநாள் படுக்கையறை. ஜன்னலோரம், நான் எப்போதும் கேட்கும் பக்கத்தில், கட்டில்.

“அம்மா, நீ ஏதாவது தொட்டியா?”

“எனக்கு நேர்க்கோடே வராதுடி.”

அவள் திரையின் மூலையில் வந்திருந்த அறிவிப்பைப் படித்தாள். “சந்தா இன்னைக்கோட முடியுது. நிறுத்திடவா?”

“வேணாம். அப்பா வீட்டை முடிக்கட்டும்.”

இப்போது மொட்டைமாடியில் துணி உலர்த்தும் கொடிகூட வந்துவிட்டது. உள்ளே போவதற்கு வாசல் மட்டும் இன்னும் இல்லை.