பலகையில் இறங்கிய மாமனார்

"உசுரோட இருக்கறவன் படத்த எவனாச்சும் செவத்துல மாட்டுவானா? அடுத்து மாலையும் போட்ருவியா?"

பொம்மையன் இப்படிக் கேட்டும் மருமகள் மலர்விழி அசரவில்லை. பசை டப்பாவைத் திறந்தபடியே சொன்னாள்.

"சாமி படமுந்தான் மாட்டுறோம். சும்மா இருங்க மாமா."

ஞாயிற்றுக்கிழமை புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். கன்னிவாடியிலிருந்து ஒட்டன்சத்திரம் வரைக்கும் உள்ள சொந்தபந்தம் அத்தனையும் வரப்போகிறது. ஹாலுக்குள் நுழைந்ததும் மாமனார் இரண்டடி உயரத்தில் நிற்க வேண்டும். அதுவும் கண்ணாடி, பிரேம் எதுவும் இல்லாமல், மரத்திலேயே பதிந்து நிற்க வேண்டும். இது மலர்விழி எடுத்த முடிவு. அவள் முடிவெடுத்தால் புருஷன் முருகேசனே பிற்பாடுதான் தெரிந்துகொள்வான்.

அய்யலூர் சந்தையில் ஒரு முரட்டுக் கிடாய்க்குப் பக்கத்தில் பொம்மையன் நிற்கும் போட்டோ அது. நாற்பது வருடம் ஆடு வாங்கி விற்றவர். ஆட்டை ஒரு தடவை சுற்றி வந்தாரென்றால் பல்லிலிருந்து குளம்பு வரைக்கும் குறை சொல்லிவிடுவார். 'நல்லாயிருக்கு' என்று அவர் வாயால் பேர் வாங்கிய ஆடும் கிடையாது, மருமகளும் கிடையாது.

இந்தப் படத்தைப் பார்த்தாவது சொல்லிவிட மாட்டாரா என்றுதான் மலர்விழிக்கு ஆசை.

மத்தியான டி.வி. நிகழ்ச்சியில் பார்த்துக் கற்ற வேலை. நடுவில் பத்து நிமிஷம் கரண்ட் போய்விட்டது. போனால் போகட்டும், முன்னும் பின்னும் பார்த்தாயிற்று, நடுவில் என்ன பெரிதாகச் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

வீட்டுப் பிளானை ஜெராக்ஸ் எடுத்த கடையிலேயே போட்டோவையும் பெரிதாக எடுத்து வந்திருந்தாள். அலமாரி வேலையில் மிஞ்சின பலகையில் பசை தடவி, தாளைக் குப்புற ஒட்டி, ஒரு நாள் காயவிட்டாள். மறுநாள் ஈரத்துணியால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்க, தாள் அழுக்கு மாதிரி உருண்டு உருண்டு வந்தது. அடியில் மை மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. முதலில் மீசை தெரிந்தது.

"அத்தை, ஓடியாங்க! மாமா வந்துட்டாரு!"

மாமியார் பேச்சாயி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "அடியாத்தி! நேர்ல நிக்கிற மாதிரியில்ல இருக்கு!"

சனிக்கிழமை வார்னிஷ் காய்ந்ததும் பொம்மையன் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். சந்தையில் ஆட்டைப் பார்க்கிற அதே பார்வை. வெகு நேரம் பார்த்தார்.

"எப்டி மாமா இருக்கு?"

"ம்."

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மலர்விழிக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் உழைப்புக்கு ஒரு 'ம்'! இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை பால் நன்றாகவே பொங்கியது. வந்தவர்கள் எல்லாம் படத்தைச் சுற்றித்தான் நின்றார்கள்.

"எந்தக் கடையில ஆர்டர் குடுத்த?"

"கடையா? நானே செஞ்சது" என்று அவள் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பாள்.

அப்போதுதான் பேச்சாயியின் தம்பி சுருளிவேல் உள்ளே வந்தார். நாலு பேருக்கு முன்னால் ஒருத்தரையாவது மட்டம் தட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஏலே முருகேசா, இங்க பாருடா கூத்த! ஊருல அம்புட்டுப் பேரும் இடது கையிலதான் வாட்ச் கட்டுறான். மச்சானுக்கு மட்டும் உன் பொண்டாட்டி வலது கையில கட்டி விட்டுருக்கா! துண்டும் அந்தப் பக்கந்தான் கெடக்கு. படத்த இடம் வலமா மாத்தி ஒட்டிப்புட்டு, நானே செஞ்சேன்னு பெருமை வேற!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மலர்விழிக்கு முகம் வெளுத்துவிட்டது. குப்புற ஒட்டியதில்தான் கோளாறோ? அந்த வீட்டில் முதன்முதலாக அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பலகையைக் கழற்றிவிடலாம் என்று கையைத் தூக்கினாள்.

"மாப்ள!"

பொம்மையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இந்தா பாரு."

வலது கையை நீட்டினார். வாட்ச் அங்கேதான் இருந்தது. துண்டும் வலது தோளில்தான் கிடந்தது.

"ஆட்டுக் கயித்த இடது கையில பிடிச்சா வாட்ச் உரசிப்போகும்னு, நாப்பது வருசமா இந்தக் கையிலதான் கட்டுறேன். இம்புட்டு வருசமா என் வீட்டுல வந்து கறிச்சோறு திங்கத் தெரிஞ்சது, என் கை எதுன்னு தெரியலயாக்கும்?"

இப்போது சிரிப்பு சுருளிவேல் பக்கம் திரும்பியது.

"நெசந்தான் போல மச்சான். நாந்தான் கவனிக்கல" என்று முனகிக்கொண்டே அவர் பந்திக்கு நழுவினார்.

மலர்விழிக்குப் போன உயிர் வந்தது. அப்பாடா, படம் சரிதான்! கூடவே வெட்கமாகவும் இருந்தது. ஆறு வருடமாகத் தினம் ரெண்டு வேளை அவருக்குக் காபி கொடுக்கிறாள். அவர் எந்தக் கையில் வாட்ச் கட்டுகிறார் என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறாளா? அதற்குப் பிறகு கேட்டவர்களிடம் 'நானே செஞ்சது' என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

சாயங்காலம் கடைசி ஆளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, பொம்மையன் அடுப்படி வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாரும் போயாச்சா?"

"போயாச்சு மாமா. காபி போடவா?"

"காபி கெடக்கட்டும்." வலது கையை அவளிடம் நீட்டினார். "மொதல்ல இதக் கழட்டி இடது கையில மாட்டி விடு ஆத்தா. பழக்கமில்லாத கையி, காலையிலருந்து மணி பாக்கவே வரல."