நாலரைக்கு மேல்

ஃபோல்டர் திறக்கவில்லை.

இரண்டு தட்டு தட்டினேன். நாலு தட்டினேன். அசைவேனா என்றது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தெட்டு. ஐந்து மணிக்குள் அந்த ஃபோல்டரில் இருக்கும் என் விண்ணப்பம் தலைமை அலுவலக வெப்சைட்டில் ஏறியாக வேண்டும். டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் வேலை. இந்தத் தாம்பரம் பார்சல் ஆபீஸில் பதினோரு வருஷமாகக் கிளார்க்காகவே காலம் தள்ளுகிறவள் நான். தபாலில் படித்து வாங்கிய டிகிரிக்கு முதலும் கடைசியுமாக வந்த வாய்ப்பு இது.

நான்தான் எதையோ நோண்டிக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஏமாளிக்கு வேறென்ன தோன்றும்?

இரண்டு வாரமாக அதே பைத்தியம் எனக்கு. கம்ப்யூட்டர் திரையை அலங்கரிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் பக்கத்து சீட் சுஜி ஏற்றிக் கொடுத்திருந்தாள். ஐகானை மாற்றலாம், நகர்த்தலாம், ஒளித்து வைக்கலாம். அதுவரை கம்பெனி கொடுத்த நீலத் திரையையே பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தேன். விடுவேனா? குப்பைத்தொட்டிக்கு ஒரு குப்பை லாரி. பில் ஃபோல்டருக்கு ஒரு கத்தரிக்காய். ஒருநாள் எழுத்தையெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு, சின்னதாக்கத் தெரியாமல் திருதிருவென்று முழித்தேன். சுஜிதான் வந்து சிரித்துச் சிரித்துச் சரிபண்ணினாள்.

"கத்துக்குட்டிக்கா நீ" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

விண்ணப்பம் இருந்த ஃபோல்டருக்கு மட்டும் பிள்ளையார் படம் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளையாரைத்தான் இப்போது தட்டிக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அந்தக் கிழட்டு மெஷின் எழுந்து வர எட்டு நிமிஷம். அதே லாரி, அதே கத்தரிக்காய், அதே பிள்ளையார். எதைத் தட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை. வேறு கம்ப்யூட்டரில் போடலாம் என்றால், சர்டிபிகேட் எல்லாம் இந்தப் பிள்ளையாருக்குள்தான் இருந்தது.

காலையிலேயே போட்டிருக்கலாம். சுஜிதான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணிக்கு எமகண்டம் என்றாள். அப்புறம் இரண்டு லாரி வந்துவிட்டது. பன்னிரண்டுக்கு மேல் குளிகை, குளிகையில் விண்ணப்பம் போட்டால் ஆயுசுக்கும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றாள். ஒன்றரைக்கு லோடு எண்ணும் வேலை, மூன்று மணிக்கு ராகு காலம்.

"நாலரைக்கு மேல போடுக்கா. அமோகமா இருக்கும்."

சரி என்று சாப்பாட்டுக்கு அப்புறம் கீழே கோடவுனுக்குப் போய், நாலரை வரை லோடு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நல்லதுக்குத்தானே சொல்கிறாள் என்று நம்பினேன். எட்டு வருஷமாகச் சிட்லபாக்கத்திலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் வருகிறோம். அவள் பிளஸ் டூதான், இந்த வேலைக்குப் போட்டியும் இல்லை. "நீ சூப்பர்வைசர் ஆயிட்டா உன்னை மேடம்னு கூப்பிடணுமாக்கா?" என்று போன வாரம் கேட்டாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது என் பின்னால் நின்று, பதறாதே பதறாதே என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு ஹேமநாத் மாடியேறி வந்தான். டெலிவரி பார்க்கிறவன். போன மாதம் என் மவுஸுக்கு அடியில் டேப் ஒட்டி வைத்து அரை நாள் என்னைப் பாடாய்ப் படுத்தியவன். குனிந்து திரையைப் பார்த்தான். ஒரு தட்டு தட்டினான்.

"அக்கா, இது ஃபோல்டரே இல்ல, படம். உன் ஸ்கிரீனை அப்படியே ஃபோட்டோ புடிச்சு அதையே வால்பேப்பரா வெச்சிக்கீறாங்க. நிஜ ஐகானை எல்லாம் ஒளிச்சாச்சு."

எனக்கு வந்ததே கோபம். "நீதானேடா பாவி! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா!"

சுஜியும் சேர்ந்துகொண்டாள். "இந்த வேலை பண்ணவன் கை வெளங்காமப் போவ!"

ஹேமநாத்தின் முகம் சுண்டிப்போனது. "அம்மா சத்தியமா நான் இல்லக்கா. பதினோரு மணிக்கு லோடோட பெருங்களத்தூர் போனவன், இப்பதான் வண்டியை நிறுத்திட்டு வரேன்."

சொல்லிக்கொண்டே மவுஸைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோனான். வழக்கமாகத் திரையின் அடியில் கிடக்கும் பட்டை, நிஜமானது, அங்கே ஒளிந்திருந்து இறங்கி வந்தது. அதன் ஓரத்தில் மணி 5.03.

முடிந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். இந்த வயசில் ஆபீஸில் அழுகிறோமே என்ற வெட்கம்கூட இல்லை.

ஹேமநாத் போகவில்லை. திரையின் கீழ் மூலையில் விரலை வைத்தான். படத்தோடு படமாக அங்கேயும் ஒரு மணி இருந்தது, பொடி எழுத்தில். ஃபோட்டோ பிடித்த நேரம். பதற்றத்தில் அது என் கண்ணிலேயே படவில்லை.

"ஒண்ணு பன்னெண்டு" என்று படித்தான். "அப்ப ரூம்ல யாருக்கா இருந்தது?"

என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

ஒன்று பன்னிரண்டுக்கு நான் வெளியே குழாயடியில் இருந்தேன். என் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, சுஜியின் டிபன் பாக்ஸில் ஒட்டியிருந்த புளிச்சோற்றைச் சுரண்டிச் சுரண்டித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.