பொற்கொடியின் முறை

டாலஸில், நாத்தனார் செண்பகத்தின் வீட்டுத் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்திருந்தாள் பொற்கொடி. சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் எதற்காவது நன்றி சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். சிறுநீரகம் பழுதாகி, வருடக்கணக்கில் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாமல் தண்ணீரை மடக்கு மடக்காக அளந்து குடித்தவள் பொற்கொடி. அவளோடு முகம்கொடுத்துப் பேசாதிருந்த செண்பகம்தான் போன கோடையில் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள்.

பொற்கொடியின் முறை வந்தது. எதிரிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்க, நிதானமாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"அத்தை, நீங்க ஒண்ணுமே சொல்லலையே?" என்றாள் செண்பகத்தின் மகள்.

செண்பகம் தண்ணீர் ஜாடியோடு எழுந்து வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா மதினி?"

"டம்ளர் நெறைய ஊத்து, செண்பா."