பந்தோபஸ்து நாளில் தண்ணீர்

பாட்டிலைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மூடியைத் திருகினாள்.

அடுத்த பாயிண்டில் நின்ற ஜெபசீலி, பைத்தியத்தைப் பார்ப்பது போல் அவளைப் பார்த்தாள்.

மந்திரி போகும் சாலை நெடுக, கூப்பிடு தூரத்துக்கு ஒருவராகப் போலீசை நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் முழுக்கப் பெண்கள்.

பந்தோபஸ்து என்றால் பெண் போலீஸ் தண்ணீர் குடிப்பதில்லை. முந்தின இரவே நிறுத்திவிடுவார்கள். காலையில் காபிகூடக் கிடையாது. சாலையோர மரமும் மின்கம்பமும் ஆண்களுக்குத்தான் ஆகும்.

அவளும் இத்தனை வருடம் அப்படித்தான் காய்ந்து நின்றாள்.

போன மாதம் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து படுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடக்கி வைத்த சிறுநீரில் கிருமி வளர்ந்து மேலே ஏறியிருந்தது. இடது சிறுநீரகத்தில் தழும்பு.

"தழும்பு விழுந்த இடம் இனி வேலை செய்யாதும்மா," என்றார் டாக்டர். "மிச்சத்தையாவது காப்பாத்திக்கோ. தண்ணி குடி. அடக்காத."

முதுகுக்குள்ளே இரண்டு பேர் டியூட்டி பார்க்கிறார்கள் என்று இப்போதெல்லாம் அவளுக்குத் தோன்றுகிறது. உடம்பின் ரத்தம் முழுவதையும் திரும்பத் திரும்ப வாங்கி வடிகட்டி, நல்லதை உள்ளே அனுப்பி, கழிவை வெளியே தள்ளுகிற டியூட்டி. லீவும் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது. அதில் ஒருவருக்கு ஏற்கெனவே காயம்.

பாவம்.

வெயில் ஏறியது. மந்திரி இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று வயர்லெஸ் மைக் விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. அவர் வந்தபாடில்லை.

குடித்த தண்ணீர் வேலையைக் காட்டியது.

அந்த நேரம் பார்த்து மைக்கில் இன்ஸ்பெக்டர். பாயிண்டை விட்டு எவரும் நகரக் கூடாது. நகர்ந்தால் மெமோ.

மெமோ வந்தால் ஏட்டாகும் வாய்ப்பு தள்ளிப்போகும். அதற்காகத்தான் இவ்வளவு காலம் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

தள்ளிப்போனால் போகட்டும். பதவி உயர்வு அடுத்த வருடமும் வரும்.

சிறுநீரகம் வராது.

சாலையைத் தாண்டினாள். ஓடவில்லை, ஒளியவில்லை. எல்லாரும் பார்க்கவே நடந்தாள். எதிரே பச்சை கேட் போட்ட வீட்டில் மணியடித்தாள்.

கதவைத் திறந்த அம்மாள் காக்கியைக் கண்டதும் வெளிறிப்போனாள்.

"எங்க வீட்ல ஒரு பிரச்சினையும் இல்லியேம்மா."

"சந்தோசம்க்கா. பாத்ரூம் எங்க இருக்கு?"

உள்ளே அவள் அவசரப்படவில்லை.

எரிச்சல் இல்லை. ரத்தம் இல்லை. தெளிவாகப் போனது. உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்து, இடது பக்கத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்தாள். காயத்தோடு வேலை பார்க்கிறவருக்கு அதுகூட யார் செய்தார்கள்?

முகம் கழுவினாள். தொப்பியைச் சரிசெய்தாள். மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தாள். நடந்ததையே எழுதிவிடலாம்.

கதவைத் திறந்தாள்.

எதிரே ஜெபசீலி, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அவளுக்குப் பின்னால், பாலத்தருகே பாயிண்டில் நின்றிருந்த பெண் போலீஸ். அவளுக்கும் பின்னால், வாசற்படியில், பெயர் தெரியாத இரண்டு பேர் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எத்தன பேரும்மா இருக்கீங்க?" என்றாள் வீட்டுக்கார அம்மாள். அவள் முகத்தில் இப்போது பயம் இல்லை.

தூரத்தில் சைரன் கேட்டது.

வரிசையில் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.