தானாக ஓடும் பம்பு

எலக்ட்ரீஷியன் அண்ணி படகின் அடிப்பலகையைத் தூக்கிவிட்டுக் குப்புறப் படுத்திருக்கிறாள். முழங்கைவரை அப்பிய எண்ணெய்க் கசடில் காலை வெயில் மினுங்குகிறது. போன வாரம் ஒரே மழையில் பாதி மூழ்கிய, அவள் கொழுந்தனின் படகு இது. அன்றிலிருந்து அவனுக்குக் கண்ணோடு கண் மூடவில்லை. படகுக்குள் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் வயர் இணைப்பைத் தண்ணீர் எட்டாத உயரத்துக்கு ஏற்றி, பிளாஸ்டிக் உறையை மாட்டி, லைட்டர் சூட்டில் காட்டுகிறாள். உறை சுருங்கி வயரைக் கவ்விக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் கொழுந்தன் கேட்கிறான்: "மெயின் சுவிட்சை அணைச்சா இந்தப் பம்பும் நின்னுடாதா அண்ணி?" "நிக்காது. நேரா பேட்டரியிலேர்ந்து ஃபியூஸ் போட்டுக் குடுத்திருக்கேன். அணைச்சுட்டுத் தண்ணி ஊத்திப் பாரு." அவன் அணைத்துவிட்டுப் படகுக்குள் வாளி வாளியாக ஊற்றுகிறான். பம்பை இயக்கும் மிதவை சுவிட்சு தண்ணீரோடு மெல்ல எழும்புகிறது. யாரும் தொடாமலே பம்பு முனகத் தொடங்க, படகின் விலாவிலிருந்து தண்ணீர் வளைந்து பாய்கிறது. மிதவை தாழ்ந்ததும் சத்தம் தானாக அடங்குகிறது. "இன்னிக்காவது போய்ப் படுத்துத் தூங்கு," என்று அண்ணி கையைத் துடைக்கிறாள். அவன் காலி வாளியோடு நின்றபடி கேட்கிறான்: "இன்னும் ரெண்டு வாளி ஊத்தட்டுமா அண்ணி?"