தவளைகள் வாயை மூடிய மூன்று நாள்

தவளைகள் வாயைத் திறக்கக்கூடாது என்று சிங்கராஜா சட்டம் போட்டார். அவர் தூக்கம் கெடுகிறதாம். மழைக்காலத்தில் பாடாத தவளைக்குக் கல்யாணம் ஏது?

தவளைத் தலைவி மனு கொடுத்தாள். "பரிசீலிக்கிறோம், போம்மா" என்றது மந்திரி நரி. நாலு தடவை போனாள். நாலு தடவையும் அதே பதில்.

"சரி, சட்டப்படியே நடப்போம்" என்றாள் தலைவி. அதன்பிறகு தவளைகள் கொசு பிடிக்கக்கூட வாயைத் திறக்கவில்லை. பட்டினிதான்.

மூன்றாம் நாள் கொசுக்கடியில் ராஜாவின் மூக்கு கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. "எந்த மடையன்டா இந்தச் சட்டத்தைப் போட்டது?"

நரி தொண்டையைச் செருமியது. "தாங்கள்தான், மகாராஜா."

"அப்போ நானே எடுத்துட்டேன். முதல்ல அதுங்களைச் சாப்பிடச் சொல்லு! அப்புறம் பாடட்டும்!"

அன்று குளத்தில் நாற்பது கல்யாணம். காதில் பஞ்சோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார் ராஜா.