இலை போட்ட காசு

பாளையங்கோட்டை நகைக்கடையில், மீன் விற்கும் அஞ்சலினுக்கு முன்னால் ஜெனோ மூன்று தங்கக் காசுகளை எடுத்து வைத்தான்.

"அக்கா, இது எங்க கடைக் காசு. எப்பக் கொண்டு வந்தாலும் அன்னைக்கு விலைக்கு எடுத்துக்கிடுவோம். இது பேங்க் காசு. வித்த பேங்க் திரும்ப வாங்காது. ஆனா நகைக்கடையில எடுப்பாவ."

"இலை போட்டிருக்கே, இது?"

"வெளிநாட்டுக் காசு. சேத்து வைக்கிறவிய ஆசையா வாங்குவாவ. நம்மூர்ல அவசரத்துக்கு விக்கப் போனா, ஆயிரம் கேள்வி கேட்டு அலைய விட்டுருவாவ."

"அப்ப அதையே குடுங்க தம்பி. மவ நர்ஸ் படிப்புக்கு."

பாடுபட்ட பணத்தைப் போய் இப்படியா முடக்குவது? ஜெனோவுக்கு மனசு கேட்கவில்லை. பிறகு ஏதோ புரிந்தவனாகக் குரலைத் தாழ்த்தினான்.

"வீட்டுல அண்ணாச்சி குடிப்பாவளோ?"

அஞ்சலின் சிரித்துவிட்டாள்.

"அய்ய, அவுக சொட்டுத் தொடமாட்டாவ. என் கூடப்பொறந்தவன் வலை போச்சு, வள்ளம் போச்சுன்னு வாசல்ல வந்து நின்னா, நான்தான் மனசு எளகி எடுத்துக் குடுத்துருதேன். முன்ன வாங்கின காசெல்லாம் அப்படித்தான் போச்சு."

காசை முந்தியில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"நானே இங்கன வந்து அழுதாலும் இத வாங்கிராதீய, தம்பி."